ரொட்டியில் கோட்டை விடாதீர்கள்: லிஸ்பனில் அலென்தேஜோ சாப்பாட்டுக்குப் போகிறவர்களுக்கு

பிக்பாக்கெட் ஜாக்கிரதை, செருப்பு வழுக்கும், வெயிலுக்குத் தொப்பி வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே எழுதுவது லிஸ்பன் நடுவில் இருக்கும் காசா தோ அலென்தேஜோ மாதிரியான இடத்தில் சாப்பிட உட்கார்ந்தபின் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றி. ஒரே தவறு, ஒரே முகச்சுளிப்பு, ஒரே பில். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

முதலில் இடத்தைப் பற்றி. 17ஆம் நூற்றாண்டு மாளிகை. 1910களின் கடைசியில் அதை மஜெஸ்டிக் கிளப் என்ற சூதாட்டக் கிளப்பாக மாற்றியபோதுதான் அரபு பாணி வளைவுகளோடு அந்த உள்முற்றம் வந்தது. 1932 முதல் அது அலென்தேஜோக்காரர்களின் ஊர்ச் சங்கம். அலென்தேஜோ என்பது தேஜோ ஆற்றுக்குத் தெற்கே கோதுமை வயலும் கார்க் மரமுமாக விரிந்து கிடக்கும் மாகாணம். அங்கிருந்து தலைநகருக்குப் பிழைக்க வந்தவர்கள் கூடிப் பேச, பாட, ஊர்ச் சாப்பாடு சாப்பிட ஏற்படுத்திக்கொண்ட இடம் இது. சாப்பாட்டின் விலை அரண்மனை விலையாக இல்லாததற்கு இதுதான் காரணம்.

வாசலைத் தாண்டிப் போய்விடுவது

முகவரி ருவா தாஸ் போர்தாஸ் தே சான்தோ அன்தாவ், எண் 58. ரெஸ்டவுரதோரெஸ் மெட்ரோவிலிருந்து பொடிநடை. தெருவில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் ஆட்கள் மெனு அட்டையை நீட்டி, படம் போட்ட இறால் தட்டைக் காட்டிக் கூப்பிடுவார்கள். 58இல் யாரும் கூப்பிட மாட்டார்கள். வெளியே பார்த்தால் ஏதோ பழைய அலுவலகக் கட்டடம் போலத்தான் தெரியும். கதவுக்குள் நுழைந்து படியேறினால்தான் முற்றம் கண்ணில் படும். வாசலில் நின்று "இதுவாகவா இருக்கும்?" என்று யோசித்துவிட்டு எதிர்த்த கடையில் போய் உட்காருகிறவர்கள் ஏராளம். கூவிக் கூப்பிடும் கடையில் அலென்தேஜோ சாப்பாட்டைத் தேடாதீர்கள்.

உள்ளேயே எளிய தபெர்னா ஒன்றும், நீலவெள்ளை அசுலேஜோ ஓடு பதித்த உணவுக்கூடமும் உண்டு. சின்னத் தட்டுகளாகக் கொறிக்க தபெர்னா, உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட உணவுக்கூடம். இரண்டின் மெனுவும் வேறு. ஒன்றில் உட்கார்ந்துகொண்டு மற்றதன் பண்டத்தைக் கேட்டால் கிடைக்காது. முழங்கால் வலிக்காரர்கள் கூட வந்தால், படி உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாயங்காலம் 5 மணிக்குப் போவது

உணவுக்கூடத்தில் அநேகமாக அடுப்பு அணைந்திருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள், இல்லாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு.

கூடை வந்ததும் கை வைப்பது

இதைத்தான் நீட்டி எழுத வேண்டும். இத்தனை பேர் இத்தனை இடத்தில் எழுதியும் தீராத தவறு இது.

நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் மேசைக்கு ஒரு கூடை வந்துவிடும். தடித்த தோலும், உள்ளே லேசாகப் புளித்த வாசமுமாகக் கனத்த அலென்தேஜோ ரொட்டி. பக்கத்தில் பூண்டும் ஒரிகானோவும் போட்டு ஊறவைத்த ஆலிவ். சின்னத் தட்டில் செம்மறியாட்டுப் பால் சீஸ். சில இடங்களில் மத்தி மீன் பேஸ்ட் டப்பா, வெண்ணெய், நாலு துண்டு சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி. யாரும் கேட்கவில்லை, யாரும் விலை சொல்லவில்லை. நம் ஊரில் இலை போட்டதும் ஊறுகாயும் அப்பளமும் தானாக வந்து விழும், அதற்குத் தனிக்காசு யாரும் கேட்பதில்லை. அதே பழக்கத்தில் கை நீண்டுவிடும்.

இதன் பெயர் கூவேர். இது இலவசம் இல்லை. நாலு பேர் மேசைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ரொட்டி தலைக்கு 1.50 யூரோ என்றால் 6, ஆலிவ் 2, சீஸ் 6, பேஸ்டும் வெண்ணெயும் 3. மொத்தம் 17 யூரோ. எளிய உணவகத்தில் ஒருவருடைய முழுச் சாப்பாடே அவ்வளவுக்குள் முடியும். பில் வந்ததும் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒரு கூச்சல். யாரும் ஏமாற்றவில்லை. மெனுவின் முதல் பக்கத்தில் கூவேர் என்று தலைப்புப் போட்டு ஒவ்வொன்றுக்கும் விலை எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேராக இறைச்சிக்குப் போனது யார்?

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 10ஆம் எண் அரசாணைச் சட்டம், 135ஆம் பிரிவு: வாடிக்கையாளர் கேட்காத, அவர் கை பட்டு வீணாகவும் ஆகாத எந்தப் பண்டத்துக்கும், கூவேர் உட்பட, காசு வாங்கக்கூடாது. மேசையில் வைத்ததாலேயே அது விற்றதாகாது. ஆனால் சீஸில் கத்தி பட்டுவிட்டால் முழு சீஸுக்கும் விலை விழும், ஒரு துண்டுதான் தின்றேன் என்ற வாதம் எடுபடாது. பேஸ்ட் டப்பாவின் மூடியைப் பிரித்தாலும் அப்படியே. பிரிக்காத டப்பா, தொடாத தட்டு இவற்றுக்குக் காசு இல்லை. தின்று முடித்துவிட்டு இந்தச் சட்டத்தைப் பேசுகிறவர்களைப் பார்த்தால்தான் இன்னும் எரிச்சல்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூடை வந்த உடனே, பணியாளர் திரும்பிப் போவதற்குள், "நௌ கெரேமுஷ், ஒப்ரிகாது" என்று சொல்லுங்கள். வேண்டாம், நன்றி என்று பொருள். சொல்பவர் பெண்ணாக இருந்தால் "ஒப்ரிகாதா". ரொட்டி மட்டும் போதுமென்றால் "சோ உ பௌ" என்று சொல்லிவிட்டு மற்றதைக் கையால் காட்டினால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். முகம் சுளிக்க மாட்டார், அவருக்கு இது தினப்படி வேலை. யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தச் சொல்லைச் சொல்லித் தரவே வேண்டாம்: பாண் என்று நீங்கள் சொல்வது இந்தப் பௌதான். மேசையும் கோப்பையும் சாவியும்கூட அங்கிருந்து கப்பலேறி வந்தவையே.

மெனுவில் ரொட்டி விலை தலைக்கா, கூடைக்கா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு என்றிருந்தால், ரொட்டி தின்னாத இரண்டு பேருக்கும் சேர்த்தே கணக்கு வரும். அப்படியானால் ஆரம்பத்திலேயே இரண்டு பேருக்குப் போதும் என்று சொல்லிவிடுவது நல்லது.

இது காசோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 10 யூரோ போனால் போகட்டும். வயிறு போகிறதே, அதுதான் பெரிய நஷ்டம். அலென்தேஜோ சமையலில் ரொட்டி தொட்டுக்கொள்ளும் பண்டம் அல்ல, அதுதான் சாப்பாடே. பெரும்பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்த நிலமற்ற மக்கள், காய்ந்துபோன ரொட்டியை வீசாமல் பூண்டும் எண்ணெயும் காட்டுக்கீரையும் சேர்த்துப் பசியாறிய வழிகள்தான் இன்று மெனுவில் பெயர் வாங்கி நிற்கின்றன. அசோர்தா என்றால் சூடான சாற்றில் ரொட்டி. மீகாஸ் என்றால் பன்றிக் கொழுப்பில் பூண்டோடு புரட்டிச் சுருட்டிய ரொட்டி. என்சொபாதோ என்றால் ஆட்டுக்குட்டிக் குழம்பு, அடியில் ரொட்டி. தக்காளி சூப்பிலும் ரொட்டி. கோடைக்கால கஸ்பாச்சோவிலும் ரொட்டி, அதுவும் அரைக்காமல் பொடிப்பொடியாக நறுக்கிய காய்களோடு. கூடையைக் காலி செய்துவிட்டு இதையெல்லாம் ஆர்டர் செய்கிறவர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ரொட்டி கேட்கிறார்கள். அடுத்த காட்சியும் தெரிந்ததுதான்: பாதித் தட்டு மீகாஸ் ஆறிப்போய் மேசையில் கிடக்கும், "கனமாக இருக்கிறது, ஒன்றும் சரியில்லை" என்று தீர்ப்பு வரும்.

அதற்காகக் கூவேரையே ஒதுக்கச் சொல்லவில்லை. ஆலிவை விடாதீர்கள். சீஸும் அருமை. நாலு பேருக்கு ஒரு சீஸ், ஒரு தட்டு ஆலிவ், ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேட்காததை பில்லில் சேர்த்திருந்தால் அந்த வரியில் விரல் வைத்து "நௌ பெதிமுஷ்", கேட்கவில்லை, என்று சொல்லுங்கள். அநேகமாக அங்கேயே அந்த வரியை அடித்துவிடுவார்கள். அடிக்காவிட்டால் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள், "லிவ்ரு தெ ரெக்லமசோய்ஷ்". போர்ச்சுகலில் ஒவ்வொரு உணவகமும் அதை வைத்திருந்தாக வேண்டும், கேட்டால் தந்தாக வேண்டும்.

அசோர்தாவை ஆறவிடுவது

லிஸ்பன் பக்கத்து அசோர்தா கூழ் மாதிரி கெட்டியாக, இறாலோடு வரும். அதை ஒருமுறை சாப்பிட்டவர்கள் அலென்தேஜோ அசோர்தாவைப் பார்த்ததும் தண்ணியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அது தண்ணியாகத்தான் இருக்க வேண்டும்.

நாலு பேருக்கு அளவு இப்படி: பெரிய கட்டுக் கொத்தமல்லித்தழை, 3 அல்லது 4 பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி நிறையக் கல்லுப்பு. மூன்றையும் உரலில் இடித்து, கிண்ணத்தில் போட்டு, 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட வேண்டும். 4 முட்டையை உடைத்து ஊற்றி வேகவைத்தெடுத்த ஒன்றரை லிட்டர் நீரைக் கொதிக்கக் கொதிக்க அதன்மேல் ஊற்ற வேண்டும். கடைசியில்தான் 400 கிராம் பழைய ரொட்டி. கொத்தமல்லித்தழையை ஐரோப்பாவின் பல மூலைகளில் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், இவர்கள் கட்டுக்கட்டாகப் போடுகிறார்கள். நம் மூக்குக்கு அந்தக் கிண்ணம் தாளிக்காத ரசம் மாதிரி இருக்கும்.

கிண்ணம் வந்ததும் மஞ்சள் கருவை உடைத்துச் சாற்றில் கலந்து, ரொட்டி விளிம்பு நனைந்து நடு இன்னும் கெட்டியாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. போட்டோ எடுத்து, குடும்ப குரூப்பில் போட்டு, வந்த பதிலையும் படித்துவிட்டு ஸ்பூனை எடுத்தால் கிண்ணத்தில் இருப்பது ஊறிப்போன பஞ்சு.

தலைக்கு ஒன்று ஆர்டர் செய்வது

மெனுவில் தோஸ், மேயா தோஸ் என்று இரண்டு விலை இருந்தால், முழு தோஸ் பெரும்பாலும் இரண்டு பேருக்குக் காணும். மேயா தோஸ் அரை அளவு, விலை மட்டும் சரிபாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். சந்தேகம் வந்தால் "தா பர தொய்ஷ்?" என்று கேளுங்கள், இரண்டு பேருக்குப் போதுமா என்று அர்த்தம். நாலு பேருக்கு இரண்டு முழு தோஸும் ஒரு அசோர்தாவும் தாராளம். வார நாள் மதியத்தில் பிராத்து தோ தியா, அதாவது அன்றைய சாப்பாடு, எழுதியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஒயினுக்குப் பாட்டில் பட்டியலைத் தேடாதீர்கள், அரை லிட்டர் ஜாடியில் வரும் வீட்டு ஒயினே போதும்.

"இதில் கறி இல்லையே" என்று நம்புவது

சைவர்களுக்கு இது கஷ்டமான சமையல், மறைப்பதில் பயனில்லை. காய்கறி என்று எழுதியிருக்கும் மீகாஸிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். முட்டை மட்டும் மிதக்கும் அசோர்தாவின் சாறு, உப்பிட்ட காட் மீனை வேகவைத்த நீராக இருக்கலாம். கறி வேண்டாம் என்று சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டுக் குழம்பை அப்படியே கொண்டுவருவார்கள். எனவே பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பன்றிக் கொழுப்பு "பான்யா", காட் மீன் "பகல்யாவ்".

முட்டை சாப்பிடுபவர்களானால் வசந்த காலத்தில் காட்டுத் தண்ணீர்விட்டான் தளிரோடு கிளறிய முட்டை கிடைக்கும். சீஸில் ஒரு நல்ல செய்தி: செர்பா, எவோரா, நீசா ஊர்களின் பாரம்பரியச் சீஸில் பால் திரிவது ரென்னெட் என்ற கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியால் அல்ல, கார்தோ என்ற முட்செடியின் பூவால். ரென்னெட்டுக்குப் பயந்து சீஸைத் தொடாதவர்கள் இதைத் தைரியமாகச் சாப்பிடலாம்.

அசைவர்களுக்கு ஒன்று. பன்றிக்கறியும் மட்டியும் ஒரே தட்டில் வந்தால் தவறுதலாக வந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். சிவப்புக் குடைமிளகாய் விழுதிலும் பூண்டிலும் வெள்ளை ஒயினிலும் ஊறிய பன்றிக்கறி, கடைசியில் ஓட்டோடு மட்டி, பொரித்த உருளைக்கிழங்கு. அதுதான் அந்தப் பண்டம். சோப்பா தே கசாவ் என்பது சிறு சுறாவில் செய்த, வினிகர் புளிப்பும் கொத்தமல்லியுமான சூப். சுறாப்புட்டு வீட்டுப் பிள்ளைகள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனிப்பைப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுப்பது

தொசீன்யு தோ சேவு என்றால் சொர்க்கத்துப் பன்றிக்கொழுப்பு. சில இடங்களில் பெயருக்கேற்பக் கொழுப்பும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். வம்பே வேண்டாமென்றால் செரிகாயா: முட்டை, பால், சர்க்கரை, கொஞ்சம் மாவு, மேலே தாராளமாகப் பட்டைத்தூள். எல்வாஸ் ஊர்ப் பிளம்பழம் பாகோடு பக்கத்தில் வரும். மேல்பகுதி வெடித்திருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, வெடித்தால்தான் அது செரிகாயா.

டிப்ஸ்

கட்டாயமில்லை. சில்லறையை விட்டுவிட்டு எழுந்திருங்கள்.

"கொன்த்ரிபுயின்த்?"

பில்லுக்குக் கை காட்டியதும் பணியாளர் இப்படிக் கேட்பார். நன்கொடை கேட்கிறாராக்கும் என்று பர்ஸைத் திறக்கிறவர்கள் உண்டு. அவர் கேட்பது பில்லில் அச்சிட உங்கள் போர்ச்சுகல் வரி எண் இருக்கிறதா என்று. "நௌ" என்று சொன்னால் போதும். பில் கைக்கு வந்ததும் கூவேர் பண்டங்களை மட்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.