ஒட்டு மாங்கன்று கருகிவிட்டதா? எறிய முதல் நாடாவை அவிழ்த்துப் பாருங்கள்

யூடியூப்பில் ஒட்டுக் கட்டுகிற வீடியோ தேடினால் முதலில் வந்து நிற்பது அப்பிள் மரம்தான். பனிக்காலத்தில் இலை கொட்டி நிற்கிற மரத்தில் குச்சி வெட்டி, ஈரக் கடதாசியில் சுற்றி, மாதக்கணக்கில் பிரிட்ஜில் வைத்து, குளிர் விடுகிற நேரம் எடுத்து வேறொரு கன்றில் ஒட்டுவார்கள். அந்தக் குச்சி உறக்கத்தில் இருப்பதால் தாங்குகிறது. நானும் அதைப் பார்த்துவிட்டு கறுத்தக்கொழும்பான் மாங்குச்சியை ஒரு கிழமை பிரிட்ஜில் வைத்து எடுத்து ஒட்டினேன். எட்டில் ஏழு கருகிப்போயின. மாமரத்துக்கு அப்படி ஒரு நீண்ட உறக்கம் கிடையாது, பிரிட்ஜ் குளிரும் அதற்கு ஒத்துவராது. குச்சி வெட்டிய அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் வாழைத்தடலுக்குள் வைத்துக் கட்டி, வெயில் படாமல் கொண்டுவந்து, அடுத்த நாள் காலைக்குள் வேலையை முடியுங்கள்.

கருகிய ஏழையும் பிடுங்கி எறியப் போனபோது பக்கத்து வளவுப் பெரியப்பா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "விறகு கொத்துற கத்தியாலயோ தம்பி வெட்டினனீ?" என்றார். வந்து ஒரு கன்றில் ஒட்டைச் சுற்றியிருந்த நாடாவை அவிழ்த்துக் காட்டினார். ஆப்பு மாதிரிச் சீவிய பக்கம் நடுவில் குழிந்திருந்தது. நுனியும் அடியும்தான் ஒட்டுப்பட்டிருக்கின்றன, இடையில் நகம் நுழைகிற வெளி, அதற்குள் பால் கறுத்துப் பிசினாகக் காய்ந்து கிடந்தது. பிரிட்ஜை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருந்தால் அடுத்த எட்டும் அதே கதைதான். இப்போது செத்த ஒட்டு எதையும் அவிழ்த்துப் பார்க்காமல் விடுவதில்லை.

முதல் வாரம் பத்து நாளுக்குள் குச்சி சுருங்கிக் கறுத்தால் அது காய்ந்து செத்திருக்கிறது. அநேகமாக வெட்டுத்தான் பிழை. புதுப் பிளேட்டால் குச்சியின் அடியை ஒரே இழுப்பில், மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் சீவுங்கள். திருப்பித் திருப்பிச் செதுக்கினால் குழி விழும். சீவிய பக்கத்தைப் பிளேட்டின் தட்டையோடு சேர்த்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், இடையில் வெளிச்சம் தெரிந்தால் இன்னொரு முறை சீவ வேண்டும். வேரோடு நிற்கிற கன்றை, அதாவது அடிக்கன்றை, முதலில் வெட்டிப் பிளந்து, வடிகிற பாலைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, குச்சியைக் கடைசியாகச் சீவி உடனே இறக்குங்கள். அடிக்கன்று தடிப்பாகவும் குச்சி மெல்லியதாகவும் இருந்தால் நடுவில் வைக்காதீர்கள், ஒரு ஓரமாகத் தள்ளி வையுங்கள். பட்டைக்கு உள்ளே வழுக்குகிற அந்தப் பச்சைப் படலம் ஒரு பக்கமாவது இரண்டிலும் நேருக்கு நேர் வர வேண்டும், ஒட்டுவதே அதுதான். நடுத்தண்டு எவ்வளவு இறுக்கமாக நின்றாலும் பிரயோசனம் இல்லை. பிறகு பொலித்தீன் நாடாவை இழுத்து, கீழிருந்து மேலே இறுக்கமாகச் சுற்றி, ஐஸ் பக்கற் செய்கிற நீளப் பையைத் தலையில் கவிழ்த்து அடியில் கட்டிவிடுங்கள்.

பைக்குள் பூஞ்சணம் பிடித்து, குச்சி கொழகொழத்துச் செத்தால் அது வேறு நோய். வெயிலில் வைத்தால் பை அவித்துவிடும், நனைந்த குச்சியை உள்ளே வைத்தால் அழுகிவிடும். ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கட்டி, கிடுகுப் பந்தலுக்குக் கீழேயோ பெரிய மரத்தின் நிழலிலோ வையுங்கள். தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், தலையில் தெளிக்க வேண்டாம். ஒட்டுவதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்பிருந்தே அடிக்கன்றுக்கு நன்றாகத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும்.

ஒரு மாதமாகியும் குச்சி பச்சையாகவே நிற்கிறது, ஆனால் தளிர்க்கவில்லை என்றால் பொறுமையாக இருங்கள். தினமும் ஆட்டி ஆட்டிப் பார்த்தே கொன்ற ஆள் நான். நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும், அது போதும். அடுத்த முறை குச்சியைத் தயார்படுத்தி எடுங்கள்: பென்சில் தடிப்பில், மூன்று நான்கு மாத வயதுள்ள நுனிக்கிளையாகப் பார்த்து, வெட்டுவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாக மரத்தில் வைத்தே இலைகளை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விடுங்கள். காம்பு தொட்டவுடன் விழுந்து, நுனி மொட்டு சற்றுப் புடைத்து நின்றால் வெட்டலாம். பூக்கிற காலத்தை அண்டி எடுத்த குச்சி ஒட்டினாலும் தளிருக்குப் பதிலாகப் பூவைத் தள்ளும். ஆசைப்படாமல் பூவைக் கிள்ளிவிடுங்கள்.

மனதை உடைப்பது தளிர்த்த பிறகு சாகிற ஒட்டுத்தான். செம்பு நிறத்தில் நாலு இலை வரும், வீட்டில் எல்லோருக்கும் கூப்பிட்டுக் காட்டுவீர்கள், மூன்றாம் நாள் தொங்கிவிடும். இதற்கும் நாடாவை அவிழ்த்தால்தான் விடை. வெட்டின விளிம்பில் மெழுகு மாதிரி வெளிறிய தசை வளர்ந்து இரண்டையும் பிடித்திருந்தால் ஒட்டுப் பிடித்திருக்கிறது, நீங்கள்தான் பையைச் சட்டென்று கழற்றி, தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றில் விட்டுவிட்டீர்கள். தசை ஒன்றும் இல்லாமல் வெட்டு வெட்டாகவே இருந்தால் அந்தத் தளிர் குச்சியில் இருந்த சாப்பாட்டிலேயே வந்தது, மெய்யாக ஒட்டவே இல்லை. வன்னியில் வைகாசிக்குப் பிறகு அடிக்கிற சோளகம் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். அந்த மாதங்களில் நான் ஒட்டுவதில்லை, ஐப்பசியில் மழை தொடங்கி மண் குளிர்ந்த பிறகு கூரைக்குக் கீழே வைத்து ஒட்டுகிறேன். பையைக் கழற்றுவதும் ஒரேயடியாக இல்லை. ஒரு மாலையில் நுனி மூலையை வெட்டிவிட்டு, மூன்று நான்கு நாள் கழித்துத்தான் முழுதாக எடுப்பேன்.

ஒட்டுக்குக் கீழே வருகிற தளிரை ஒன்றையும் விடாதீர்கள். அது அடிக்கன்றின் தளிர், மேலே இருக்கிற குச்சியை விட வேகமாக வளர்ந்து அதைப் பட்டினி போட்டுவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் அம்பலவி மாமரம் என்று நினைத்து ஐந்து வருஷம் கிணற்றுத் தண்ணீர் இறைத்து ஊற்றி, கடைசியில் ஊறுகாய்க்கு மட்டும் ஆகிற புளிமாங்காய் பிடுங்கினார். அம்பலவி எப்போதோ செத்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை.

நாடாவை மறந்துவிடுவதும் ஒரு பிழை. இரண்டு மூன்று மாதத்தில் அவிழ்க்காவிட்டால் கழுத்தை நெரித்த மாதிரி அந்த இடம் ஒடுங்கி, மேலும் கீழும் புடைத்து, ஒரு காற்றுக்கு முறிந்துவிடும். அவிழ்க்க வராவிட்டால் வெட்டு இல்லாத பக்கமாகப் பிளேட்டால் மேலிருந்து கீழே ஒரு கீறுக் கீறிவிட்டால் போதும். அப்புறம் ஒரு தடி ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

சரி, கருகியே விட்டது. அடிக்கன்று உயிரோடு இருந்தால் அதைப் பிடுங்கத் தேவையில்லை. கறுப்புத் தெரிகிற இடத்துக்குக் கீழே பச்சைப் பட்டை வரைக்கும் வெட்டிவிடுங்கள், வருகிற தளிர்களில் நிமிர்ந்த ஒன்றை மட்டும் வைத்து மற்றதைக் கிள்ளுங்கள், அது பென்சில் தடிப்புக்கு வந்ததும் அதிலேயே திரும்ப ஒட்டலாம். இரண்டாம் முறையும் போனால் இன்னும் கீழே இறங்கலாம், ஆனால் ஒட்டு நிலத்தில் இருந்து ஒரு சாணாவது உயரத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மழைக்குத் தெறிக்கிற சேறும் கறையானும் வந்துவிடும்.