தெருமுனை உப்புப் பெட்டி: உறைபனிக்கு முன்பே தயார் செய்வது எப்படி?

இங்கிலாந்தில் மேட்டுத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு மஞ்சள் உப்புப் பெட்டி தெரிந்திருக்கும். உறைபனியில் வழுக்காமல் இருக்கப் பாதையில் தூவும் உப்பை வைக்கும் பெட்டி அது. உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சிலின் உப்பு தூவும் லாரி முதலில் முக்கியச் சாலைகளுக்குத்தான் போகும். உள்தெருவில் காலையில் பள்ளிக்கு நடக்கும் குழந்தைகளுக்கு அந்தப் பெட்டிதான் துணை.

1. செப்டம்பரிலேயே பழுப்புப் பாறை உப்பு வாங்கி வையுங்கள். செஷயரில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்தில் எடுப்பது இந்த வகைதான். அதில் கலந்திருக்கும் களிமண்தான் பழுப்பு நிறத்துக்குக் காரணம்.

2. பெட்டியைப் பொது நடைபாதையில் வைப்பதாக இருந்தால் கவுன்சிலிடம் அனுமதி கேளுங்கள். சக்கர நாற்காலிக்கு வழி விட்டு, மரத்தடியைத் தவிர்த்து வையுங்கள்.

3. இனி முக்கியமான வேலை: உப்பை உதிரியாக வைத்திருப்பது. எங்கள் தெருவில் சிக்கல் வந்தது இங்கேதான். பெட்டி நிறைய உப்பு இருந்தும், தேவைப்பட்ட இரவில் ஷவல் உள்ளே இறங்கவில்லை. குளிரால் உப்பு இறுகுவதில்லை, ஈரத்தால் இறுகுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது போல இதுவும் நீர்விடும். அப்புறம் காயும்போது மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிவிடும்.

அதனால் பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மூடி விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். மூடியை மட்டும் நம்பாமல், உப்பின் மேலேயே ஒரு தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு ஓரங்களைச் செருகுங்கள். குளிர்காலம் முழுக்க அவ்வப்போது அடிவரை கிளறுங்கள். இதற்கு ஷவலைவிட, தோட்டத்தில் மண் கிளறும் முள் ஃபோர்க்தான் சிறந்தது. அள்ளுவதற்குப் பிளாஸ்டிக் ஷவல் போதும், இரும்பு துருப்பிடிக்கும்.

4. உறைபனி அறிவிப்பு வந்த மாலையே தூவுங்கள். சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், குவிக்க வேண்டாம். வெந்நீர் ஊற்றவே கூடாது, அது உறைந்து இன்னும் வழுக்கும்.

பின்சேர்க்கை: ‘உப்புப் போட்டும் பனி கரையவில்லையே’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனால் உப்பு மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். அப்போது மணல் தூவுங்கள். பனியைக் கரைக்காது, ஆனால் காலுக்குப் பிடிப்புத் தரும். நாய் வளர்ப்பவர்கள் வீடு திரும்பியதும் அதன் பாதங்களைக் கழுவிவிடுங்கள். கவுன்சில் நிரப்பும் பெட்டி பொதுப் பாதைக்கு மட்டும், வீட்டு வாசலுக்குத் தனி மூட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.