கற்பனை உலகத்துக்கு ஒரு நிலாதேவி: முதலில் பிறைக் கணக்கு, அப்புறம் மந்திரம்

என் கதை உலகத்தில் மந்திரம் எல்லாம் ஒரு நிலாதேவியிடமிருந்து வருகிறது. பெயர் அல்லினி, 'அல்' என்றால் இரவு. அவளை உருவாக்க ஏழெட்டு மாதம் பிடித்தது. அதில் பாதி, ஒரே ஒரு தவறைத் திருத்துவதில் போனது. முதல்முறை இப்படி ஒரு தெய்வத்தை எழுதுகிறவர்களுக்கு அந்த நேரமாவது மிச்சமாகட்டும்.

படி 1: அவள் எதைத் தருகிறாள், எதைத் திருப்பிக் கேட்கிறாள்?

ஒரே வரியில் எழுதிவிடுங்கள். அல்லினிக்கு நான் எழுதியது: வளர்பிறையில் கடன் தருவாள், தேய்பிறையில் வசூலிப்பாள். எல்லாம் வல்லவள் என்று மட்டும் வேண்டாம். அவளால் முடியாத ஒன்று இருந்தால்தான் அவளை நம்புகிறவர்களுக்குக் கதை பிறக்கும்.

பெண்ணாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிலாவுக்கும் மந்திரத்துக்கும் சேர்த்து எகிப்தியர் வணங்கிய தோத் ஆண் கடவுள். சுமேரியரின் நிலாக் கடவுள் நன்னாவும் ஆண்தான். மந்திரத்துக்கு உரிய கிரேக்கத் தெய்வமான ஹெகாட்டே பெண்; பிற்காலத்தில் அவளை நிலாவோடு சேர்த்தார்கள்.

படி 2: பிறைக் கணக்கு

நான் சறுக்கியது இங்கேதான். என் நாயகி நள்ளிரவில் மலையுச்சியில் நின்று, கிழக்கே எழும் மூன்றாம் பிறையைப் பார்த்து முதல் மந்திரத்தைக் கேட்கிறாள். கதையின் உயிரே அந்தக் காட்சிதான். ஆனால் மூன்றாம் பிறை நள்ளிரவில் வானத்திலேயே இருக்காது. சூரியன் மறைந்ததும் மேற்கே தெரியும், கொஞ்ச நேரத்தில் அதுவும் மறைந்துவிடும்.

நிலா நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. அமாவாசையன்று சூரியனோடு எழுந்து சூரியனோடு மறையும். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் எழும். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததுக்கு நம் நிலா எடுப்பது சுமார் 29.53 நாள். இந்தப் பின்னத்தோடு நான் ரொம்ப நாள் மல்லுக்கட்டினேன். உலகம் நம்முடையது என்கிறபோது அந்தச் சிரமம் எதற்கு? சுற்றை 24 நாளாக வையுங்கள். நாளுக்கு 24 மணி நேரம் என்றால், தாமதம் தினமும் ஏறக்குறைய ஒரு மணி.

அமாவாசையன்று காலை 6 மணிக்கு எழும் நிலா, 6ஆம் நாள் நண்பகலில் எழும். 12ஆம் நாள் மாலை 6 மணிக்கு, அதுதான் பௌர்ணமி. 18ஆம் நாள் நள்ளிரவில். எழும் நேரத்தோடு 12 மணி கூட்டினால் மறையும் நேரம். பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் முன்பின் ஆகும். கதைக்கு இந்தக் கணக்கே தாங்கும்.

இதற்குக் கணினி வேண்டாம், கட்டம் போட்ட நோட்டே போதும் என்பது என் கட்சி. நாளுக்கு ஒரு வரி, மணிக்கு ஒரு கட்டம். நிலா இருக்கும் நேரத்துக்கு மஞ்சள் அடியுங்கள். சாய்வாக ஒரு பட்டை வரும். எந்தக் காட்சியில் நிலா இருக்கும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். நம் வானத்தோடு ஒப்பிட ஸ்டெல்லேரியம் நல்ல இலவச மென்பொருள்.

சரி, என் காட்சி என்ன ஆனது? அதை 22ஆம் நாளுக்கு மாற்றினேன். விடியலுக்கு முன், 4 மணிக்குக் கிழக்கே எழும் மெல்லிய கீற்று. ஆனால் அது தேய்பிறை, அல்லினி வசூலிக்கும் காலம். கடனே வாங்காதவள் அன்று கேட்டால், எதையாவது கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். நாயகி தன் குரலைக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கதை எனக்குப் பிடிபட்டது.

படி 3: கிரகணம்

சந்திர கிரகணம் பௌர்ணமியில் மட்டும், சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டும். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் மாதாமாதம் வருவதில்லை. அந்தச் சாய்வை உங்கள் உலகத்திலும் வையுங்கள், கதையில் ஒரு முறை மட்டும் பயன்படுத்துங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு நிலா வைக்கலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். தாராளமாக. 24 நாளும் 36 நாளும் என்றால் இரண்டும் 72 நாளுக்கு ஒருமுறை ஒன்றாக முழுமையாகும். 24, 25 என்றால் 600 நாள் காத்திருக்க வேண்டும். திருவிழாவுக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஒருவர் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு முழுநிலாக்களை எழுதி அனுப்பியிருந்தார். அது நடக்காது. முழுநிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். இரண்டும் முழுமையான இரவில் அவை அருகருகேதான் எழும்.