இத்தாலிக்கு வாண்டோடு போகிறீர்களா?

முதல் சிக்கல் சாப்பாட்டு நேரம்தான். இத்தாலியில் நிறைய உணவகங்கள் மதியம் இரண்டரை, மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, இரவு ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது தூங்கும் நேரம். அதனால் மதியச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு, மாலையில் எடைபோட்டு வெட்டித் தரும் பீட்சா கடையில் ஒரு துண்டு வாங்கி முடித்துவிடுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 'பாஸ்தா இன் பியான்கோ' என்று கேளுங்கள். மெனுவில் இருக்காது, ஆனாலும் செய்து தருவார்கள். சாஸ் கிடையாது, காரமும் கிடையாது. வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ, மேலே கொஞ்சம் துருவிய சீஸ், அவ்வளவுதான். நம் பருப்பு நெய் சாதம் மாதிரி, எந்தக் குழந்தையும் முரண்டு பிடிக்காது.

ரோமில் தண்ணீர் பாட்டிலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவோரம் 'நசோனே' என்ற இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீய்ச்சும். இதைக் கண்டுபிடித்த வாண்டு அங்கிருந்து நகராது, மாற்றுச் சட்டை கையில் இருக்கட்டும்.

இத்தாலியின் அரசு ரயிலான ட்ரெனிட்டாலியாவில் குழந்தை 4 வயதுக்குள் என்றால், மடியில் உட்கார்ந்தால் டிக்கெட் வேண்டாம்.

அப்புறம் வெனிஸ். பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. தள்ளுவண்டியை அறையிலேயே விட்டுவிட்டு, குழந்தையை முதுகில் சுமக்கும் பை கொண்டு போங்கள்.