காக்கட்டீல் வளர்ப்பு: கொண்டையைப் பார்த்துக் கையை நீட்டுங்கள்

காக்கட்டூ எனும் கொண்டைக்கிளிக் குடும்பத்திலேயே சிறிய பறவை காக்கட்டீல். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. எடை 80 முதல் 100 கிராம்தான், ஆனால் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 வருடத்துக்கு மேலும் வாழும். பள்ளியில் சேரும் பிள்ளைக்கு ஆசையாய் வாங்கித் தரும் பறவை, பிள்ளை கல்லூரி போகும்போதும் வீட்டில் இருக்கும். இறகிலிருந்து வெள்ளைத்தூள் வேறு உதிரும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

படி 1: கூண்டு

பறவைக்கு முன்பே கூண்டு வந்துவிட வேண்டும். அகலம், உயரம், ஆழம் மூன்றும் 60 செ.மீ.யாவது இருக்கட்டும். கம்பி இடைவெளி 1.5 செ.மீ.யைத் தாண்டினால் தலை மாட்டிக்கொள்ளும். உட்கார வெவ்வேறு தடிமனில் மரக்குச்சிகள் வையுங்கள். எல்லாம் ஒரே தடிமன் என்றால் பாதம் புண்ணாகும். கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் பறவைக்குத் தைரியம். சமையலறைப் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

படி 2: பழக்குவது

முதல் இரண்டு மூன்று நாள் யாரும் கை வைக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள், போதும். அந்த நேரத்தில் கொண்டையைக் கவனியுங்கள். விறைத்து நேராக நின்றால் மிரண்டிருக்கிறது. தலையோடு ஒட்டிப் படுத்து, கூடவே சீறினால் கோபம், கையை எடுத்துவிடுங்கள். லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது. தூங்கும் முன் அலகை நறநறவென்று அரைக்கும். அதை நோய் என்று நினைத்து நான் பதறியது தனிக்கதை.

நிம்மதியாக இருக்கும்போது ஒரு தினைக்கதிரைக் கம்பி வழியாக நீட்டுங்கள். கதிரின் நுனியை மட்டும் கொத்திவிட்டு ஓடும். ஓடட்டும். நாளுக்கு நாள் கதிரைச் சிறிதாக்கினால், சாப்பிட உங்கள் விரலுக்கு அருகே வந்துதான் ஆக வேண்டும். அப்புறம் கூண்டுக்குள் கையை விட்டு, ஆள்காட்டி விரலைக் காலுக்குச் சற்று மேலே, வயிற்றில் மெல்லத் தொடுங்கள், ஏறிவிடும். தினமும் இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம். பிள்ளைகள் இருந்தால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

படி 3: சாப்பாடு

விதை மட்டுமே போட்டால் கொழுப்பு ஏறிக் கல்லீரல் கெடும். பெல்லட் (பறவைகளுக்கென்றே தயாரிக்கும் சிறு உருண்டைத் தீவனம்), கீரை, கேரட் துருவல் எல்லாம் வேண்டும். விதைக்குப் பழகிய பறவை பெல்லட்டை உணவாகவே மதிக்காது. சில வாரங்களுக்கு விதையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். அவகாடோ, சாக்லேட், வெங்காயம், காபி கூடவே கூடாது.

படி 4: இரவு

10 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. எங்கள் பறவை வந்த முதல் வாரம், நள்ளிரவில் கூண்டுக்குள் படபடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தரையெல்லாம் இறகு, ஒரு சிறகில் ரத்தம். இருட்டில் சின்னச் சத்தத்துக்கும் இந்தப் பறவைகள் இப்படி மிரண்டு கம்பியில் மோதும். மங்கலான விடிவிளக்கு ஒன்று போட்டோம், அதோடு நின்றது.

படி 5: வாராவாரம் எடை

நோயை மறைப்பதில் காக்கட்டீல் கெட்டிக்காரப் பறவை. வாரம் ஒருமுறை, காலையில் சாப்பிடும் முன், கிராம் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தாலோ, அன்றைக்கே பறவை பார்க்கும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.