சேவ் செய்த ஃபைல் ஏன் காணாமல் போகிறது?

"சேவ் பண்ணினேன், இப்போ காணோம்" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுபவர்கள் சொல்லும்போது, பெரும்பாலும் அந்த ஃபைல் அழிந்திருக்காது. அவர்கள் தேடாத ஏதோ ஒரு ஃபோல்டரில் கிடக்கும். சேவ் கட்டம் வந்ததும் எந்த ஃபோல்டர், என்ன பெயர், என்ன வகை என்று பார்க்காமலே என்டரைத் தட்டிவிடுவதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பெயர் வைக்காவிட்டால் வேர்டு பெரும்பாலும் முதல் வரியையே பெயராகக் காட்டும். நம் ஊர் விண்ணப்பக் கடிதம் எல்லாமே "அனுப்புநர்" என்றுதானே தொடங்கும்? போன மாதம் தாசில்தாருக்கு எழுதியதும் அனுப்புநர், இன்று மின்வாரியத்துக்கு எழுதியதும் அனுப்புநர். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றிவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது படிக்காமல் 'யெஸ்' கொடுத்தால் பழைய கடிதம் போயே போச்சு. "2025-06-10 மின் இணைப்பு விண்ணப்பம்" என்பதுபோல் வையுங்கள், ஆண்டு முன்னால் வந்தால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். தேதிக்கு நடுவில் சாய்கோடு போட முடியாது, விண்டோஸ் ஏற்காது.

அடுத்தது, மெயிலில் வந்த ஃபைலையோ ஜிப்புக்குள் (பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய பொட்டலம்) இருக்கும் ஃபைலையோ அங்கேயே திறந்து திருத்துவது. அது ஒரு தற்காலிக ஃபோல்டரில்தான் திறக்கும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்தி சேவ் கொடுத்தாலும் மெயிலில் இருப்பது பழையபடியே இருக்கும். முதலில் டவுன்லோட் செய்து, டாக்குமென்ட்ஸில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, அப்புறம் திறங்கள்.

பென்டிரைவில் எடுத்துப்போகிறவர்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டை (ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் வெறும் சுட்டி) மட்டும் காப்பி செய்துகொண்டு போய், பிரின்ட் கடையில் திறக்காமல் திண்டாடுவதை இன்றும் பார்க்கலாம். ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி, அளவு ஒன்றிரண்டு கேபி என்றால் அது ஷார்ட்கட், உங்கள் ஃபைல் வீட்டிலேயேதான் இருக்கிறது.

வேர்டு ஃபைலின் பெயர்க் கடைசியில் பிடிஎஃப் என்று மாற்றி எழுதினால் அது பிடிஎஃப் ஆகிவிடாது. 'சேவ் ஆஸ்' போய் வகையில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், மூல வேர்டு ஃபைலையும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நோட்பேடில் ஆன்சி (ANSI) என்ற பழைய எழுத்துமுறையில் சேவ் செய்தால், இன்று பரவலாகப் பயன்படும் யூனிகோடு முறைத் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். எக்செலில் சாதாரண சிஎஸ்வி (CSV, அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் வகை) கொடுத்தாலும் அதே கதி. இரண்டிலும், எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 (UTF-8) என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் கேள்விக்குறியாக சேவ் ஆகி மூடிய ஃபைலிலிருந்து தமிழை மீட்க வழியில்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது வேறு கம்ப்யூட்டரில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிவது வேறு விஷயம். அதில் எதுவும் அழியவில்லை, எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும்.

வேர்டு தானாகவே காப்பாற்றும் என்று நம்பி உட்காராதீர்கள். வழக்கமான அமைப்பில் அது 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் மீட்புப் பிரதி எடுக்கும், கரண்ட் போனால் நடுவில் அடித்தது போகலாம். ஒரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். சேவ் செய்யாமல் மூடிவிட்டீர்களா? ஃபைல் மெனுவில் இன்ஃபோ போய், சேவ் செய்யாத டாக்குமென்டுகளை மீட்கும் வசதியைப் பாருங்கள், பல நேரம் கிடைத்துவிடும்.

பிரவுசிங் சென்டரில் ஆதார், மார்க் ஷீட் எல்லாம் டவுன்லோட் செய்தால் வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, மெயிலிலிருந்து வெளியேறிவிட்டுக் கிளம்புங்கள்.