குளத்து மீனில் மண் வாடையா? மீன் பிடிக்கும் முன் செய்ய வேண்டியவை

கட்லாவோ திலேப்பியாவோ, பண்ணைக்குட்டையில் வளர்ந்த மீனைக் குழம்பு வைத்துவிட்டு "சேற்று வாடை அடிக்குது" என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால், அந்த வீடு அடுத்த முறை உங்களிடம் வாங்குவது சந்தேகம்தான். மீன் சேற்றைத் தின்பதால் வரும் வாடை என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மிதவைத் தீவனம் மட்டுமே தின்ற மீனிலும் இது வரும், ஏனென்றால் கோளாறு தண்ணீரில் இருக்கிறது. நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் (பெயர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா), மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள், இவை ஜியோஸ்மின், எம்.ஐ.பி. (2-மெத்தில்ஐசோபோர்னியால்) என்ற, மண் வாடை அடிக்கும் இரண்டு பொருட்களை உண்டாக்குகின்றன. முதல் மழையில் கிளம்பும் மண்வாசனையும் இதே ஜியோஸ்மின்தான். 1965இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 நானோகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் வியாபாரம் கெடும்.

மீன் இதைச் செவுள் வழியாக இழுத்துக் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. ஏறுவதற்குச் சில மணி நேரம் போதும், இறங்க நாட்கணக்காகும். அதனால் போன வாரம் நன்றாக இருந்த மீன் இந்த வாரமும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

முதல் வேலை, ருசி பார்ப்பது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துக் கெளுத்திப் பண்ணைகளில், மாதிரி மீனைச் சமைத்து ருசி பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மீன் பதப்படுத்தும் ஆலைகள் சரக்கை எடுக்கும். நாமும் செய்யலாம், செலவே இல்லை. குளத்தின் வெவ்வேறு பக்கத்திலிருந்து இரண்டு மூன்று மீன் பிடித்து, வால் பக்கத்துத் துண்டைத் தோலோடு நறுக்கி, உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் போடாமல், மூடிய பாத்திரத்தில் வைத்து இட்லிக் கொப்பரையில் அவியுங்கள். மூடியைத் திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள், அப்புறம் சாப்பிடுங்கள். குழம்பு வைத்துச் சோதிப்பதில் பயனில்லை, புளியும் மிளகாயும் வாடையை மறைத்துவிடும். தினமும் குளத்தங்கரையில் நிற்பவருக்கு மூக்கு பழகிப்போயிருக்கும், அதனால் வெளியாள் ஒருவரையும் கூப்பிடுங்கள். பிடிப்பதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு தடவை, முந்தின நாள் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

வாடை இருந்தால் மீனை நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும், நம்பகமான வழி இது ஒன்றுதான். சிமெண்டுத் தொட்டியோ தார்ப்பாய்த் தொட்டியோ, உள்சுவரில் வழவழப்பு துளியும் இல்லாமல் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். அந்த வழவழப்பிலேயே இதே பாக்டீரியாக்கள் குடியிருந்து வாடையைத் திரும்ப ஏற்றும். போர்த் தண்ணீர் விடலாம், ஆனால் அதில் பிராணவாயு குறைவாக இருக்கும், தெளித்து விழவிட்டு ஏர் பம்பும் ஓட வேண்டும். பழைய தண்ணீர் வெளியேறிக்கொண்டே, புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கட்டும், அதையே சுற்றிச்சுற்றி விட்டால் மீன் வெளிவிட்டதை மீனே திரும்ப எடுத்துக்கொள்ளும். மீனை நெருக்கி அடைக்காதீர்கள், தீவனம் போடாதீர்கள். நம் ஊர் வெயிலில் லேசான வாடை சில நாளில் போய்விடும், கொழுப்பு மீனுக்கும் குளிர்மாதத்துக்கும் ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகலாம். நாளை எண்ணி முடிவெடுக்காமல் மறுபடி அவித்துப் பாருங்கள். எடை கொஞ்சம் குறையும், அதை விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அறுவடை நெருங்கும்போது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுப் பாசியைக் கொல்வது. செத்த பாசி உள்ளே வைத்திருந்த ஜியோஸ்மினையெல்லாம் தண்ணீரில் விட்டுவிடும், வாடை கூடும். செத்த பாசி அழுகும்போது பிராணவாயு இறங்கி மீன் மிதக்கவும் செய்யும். காரத்தன்மை குறைந்த தண்ணீரில் மயில்துத்தமே மீனைக் கொன்றுவிடும்.

அடுத்த பட்டத்துக்கு இப்போதே செய்யக்கூடியது, குளத்தில் சேரும் சத்தைக் குறைப்பது. மிச்சமாகும் தீவனமும் அளவில்லாமல் கொட்டும் சாணமும்தான் பாசிக்குச் சாப்பாடு. அரை மணி நேரத்துக்கு மேல் தீவனம் மிதந்துகொண்டிருந்தால் அளவைக் குறையுங்கள். அறுவடை முடிந்ததும் தண்ணீரை வடித்து, தரை வெடிக்கும்வரை காயப்போட்டு, மேலே படிந்த கறுப்பு வண்டலை அள்ளிவிட்டு, சுண்ணாம்பு போட்டு அப்புறம் நீர் நிரப்புங்கள். தண்ணீர் மேலே பெயிண்ட் ஊற்றினாற்போல் பச்சைப் படலம் கட்டினால், அந்த வாரமே ஒரு மீனை அவித்துப் பாருங்கள்.

வாடையுள்ள மீனை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தோலையும், வயிற்றுக் கொழுப்பையும், பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையையும் எடுத்துவிட்டு, கெட்டியான புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். அமிலம் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாடை குறையும், முழுதாகப் போய்விடாது.